ஏட்டு வரும் நாள்

காலை ஐந்தரை மணி. சேலம் காந்தி ஸ்டேடியத்துக்கு வெளியே டீக்கடைக்காரர் பாய்லரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். உள்ளே இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. டிராக்கில் இருபது முப்பது பையன்கள், நாலைந்து பெண்கள். ஓரத்தில் ஸ்டாப்வாட்சோடு நிற்கும் பயிற்சியாளர், ஒவ்வொரு சுற்றுக்கும் தொண்டை கிழியக் கத்துகிறார். ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்தால்தான் கயிறு. கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டருக்கு இரண்டு. நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் இதே நேரத்தில் இதே காட்சி. பள்ளி மைதானம், ஏரிக்கரை, பைபாஸ் சர்வீஸ் ரோடு என்று கால் வைக்க இடம் கிடைத்த இடமெல்லாம் ஓடுகிறார்கள்.

ஓடி முடித்து மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டேன். “உங்க மேல ஏதாவது ஸ்டேஷன்ல பேர் இருக்கான்னு பார்த்திருக்கீங்களா?” சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு ஒருவர், “அது செலக்ட் ஆனப்புறம் பார்த்துக்கலாம்ங்க” என்றார். பக்கத்திலிருந்தவர் ஒன்றும் சொல்லாமல் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தார். அவருக்கு ஏதோ ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2023இல் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் பணிகளுக்கு 3,359 பேரை எடுக்க அறிவிப்பு விட்டது. ஆயுதப்படைக்கு 780, சிறப்புக் காவல் படைக்கு 1,819, தீயணைப்புக்கு 674, சிறைக்கு 86. இந்தக் கணக்கு இந்த மைதானத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். கட்-ஆஃப் எவ்வளவு வரும், எந்த சாதிப் பிரிவுக்கு எத்தனை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு எத்தனை என்று விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். எழுத்துத் தேர்வு, உயரம், மார்பளவு, ஓட்டம், கயிறு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தாண்டியபின் வரும் கடைசிப் படிக்கு மட்டும் எந்த அகாடமியிலும் வகுப்பு கிடையாது. ‘வெரிஃபிகேஷன்’ என்று ஒற்றைச் சொல்லில் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கடைசிப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்குப் பதிவாகியிருக்கிறதா, கைது செய்யப்பட்டீர்களா, தண்டனை பெற்றீர்களா என்ற கேள்விக்குப் பக்கத்தில் உள்ள கட்டம். இரண்டு விரல் அகலம்தான். அதில் ‘இல்லை’ என்று எழுதத் தோன்றும் கைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் நிலவும் நம்பிக்கைக்கு அது நேர் எதிர். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி சிறப்பு விதிகளில் 14(பி) என்று ஒரு விதி. போலீஸ் சரிபார்ப்புக்கு முன்னால் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்படாதவராக இருக்க வேண்டும் என்கிறது. இதற்கு 2003 ஜனவரி 30ஆம் தேதியிட்ட அரசாணை 101 வழியாக இரண்டு விளக்கங்கள் சேர்ந்தன. முதல் விளக்கம்: சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார் கொடுத்தவர் பிறழ் சாட்சியானதால் விடுதலையானவரும், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். இரண்டாவது: சரிபார்ப்பின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு கௌரவமான விடுதலையாகவோ ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்றோ முடிந்தால், அவர் அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் வேலை கேட்க முடியும். 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது.

சேலம் நாமக்கல் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் வலி உடனே புரியும். இங்கே சண்டை என்றால் அதற்கு முடிவு சமாதானம். வரப்புத் தகராறோ, கோயில் மரியாதைத் தகராறோ, கிணற்றுப் பங்குத் தகராறோ, பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி, செலவுக் கணக்கைப் பார்த்து, ‘போனது போகட்டும்’ என்று எழுந்து போவார்கள். கோர்ட்டுக்குப் போன வழக்கும் அப்படித்தான் கரையும். புகார் கொடுத்தவர் கூண்டில் ஏறி, “இருட்டுங்க, யார் அடிச்சாங்கன்னு தெரியலைங்க” என்பார். ஊருக்கு அது நல்ல முடிவு. காக்கி கேட்கும் பையனுக்கு மட்டும், இருக்கிற முடிவுகளிலேயே மோசமான முடிவு.

என் மாமா மகனுக்கு நடந்தது இதுதான். ராசிபுரம் பக்கத்துக் கிராமம். மாரியம்மன் பண்டிகையில் வண்டி வேடிக்கை முடிந்து திரும்பும்போது இரண்டு தெருக்காரர்களுக்குள் வாய்ச்சண்டை, பிறகு கைகலப்பு. ஒருவருக்கு மண்டையில் நான்கு தையல். ஸ்டேஷனில் பதினோரு பேர் மீது எஃப்.ஐ.ஆர். அந்தத் தெருவில் மீசை முளைத்த எல்லாருடைய பெயரும் அதில் இருந்தது. மாமா மகன் ஏழாவது எதிரி. அன்றைக்கு அவன் செய்தது சவுண்ட் செட்காரருக்கு ஒயர் சுருட்டிக் கொடுத்ததுதான். 294(பி), 323, 324, 506(2) என்று தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த அந்த நான்கு எண்கள். எதிர்த் தரப்பு மீதும் ஒரு கேஸ். ஊரில் பேசினார்கள். இரண்டு வருடம் கழித்துப் புகார்காரர் கோர்ட்டில் பிறழ்ந்தார். எல்லாரும் விடுதலை. அன்றிரவு இரண்டு தெருக்காரர்களும் ஒன்றாகப் பிரியாணி சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் அவன் காவலர் தேர்வில் தேர்வானான். படிவம் வந்தது. “கேஸ்தான் முடிஞ்சு போச்சே கண்ணு, அதைப் போய் எதுக்கு எழுதிட்டு” என்று வீட்டில் படித்த ஒருவர் சொன்னார். அவன் ‘இல்லை’ என்று எழுதினான். மூன்று வாரம் கழித்துத் தனிப்பிரிவு ஏட்டு பைக்கில் வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். அத்தை மோர் கொடுத்தார். ஏட்டு மோரைக் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் க்ரைம் நம்பரைப் படித்தார். யாரும் பேசவில்லை.

“கேஸ் முடிஞ்சு போச்சுங்களே, அதான் எழுதலைங்க” என்றான் அவன்.

“முடிஞ்சது வேற, முடிஞ்ச விதம் வேற தம்பி. அதைவிட, நீ எழுதாதது வேற” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அவன் வயதில் ஒரு மகன் இருந்திருக்கலாம். அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினார். பட்டியலிலிருந்து பெயர் போனது.

‘முடிந்த விதம்’ என்று அவர் சொன்னதற்குப் பின்னால் பெரிய சட்ட வரலாறே இருக்கிறது. ‘கௌரவமான விடுதலை’ என்ற சொல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எங்கும் கிடையாது. நீதிபதி தீர்ப்பின் கடைசியில் ‘இவர் கௌரவமாக விடுவிக்கப்படுகிறார்’ என்று முத்திரை குத்தித் தருவதும் இல்லை. 2012 நவம்பரில், தமிழ்நாட்டுக் காவலர் ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஓரளவு விளக்கியது. அரசுத் தரப்புச் சாட்சியங்களை முழுதாக அலசிப் பார்த்து, குற்றச்சாட்டை நிரூபிக்க அரசுத் தரப்பு படுதோல்வி அடைந்தது என்று கோர்ட் கண்டால், அதைக் கௌரவமான விடுதலை என்று கொள்ளலாம். சாட்சி பிறழ்ந்ததால் வந்த விடுதலை அதில் சேராது. ஆக, விடுதலைத் தீர்ப்பு கையில் இருந்தால் போதாது. அதன் உள்ளே கடைசி நான்கைந்து பத்திகளில் நீதிபதி என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்பதுதான் விஷயம். ‘இவர் சம்பவ இடத்தில் இருந்ததற்கே ஆதாரமில்லை’ என்ற ஒரு வரிக்கும், ‘சாட்சிகள் அரசுத் தரப்பை ஆதரிக்கவில்லை’ என்ற ஒரு வரிக்கும் நடுவில் ஒரு பையனின் வேலை கிடக்கிறது.

அதனால் போலீஸ் வேலைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில், வழக்கு வந்த அன்றே வக்கீலிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். வக்கீலுக்கு வழக்கு முடிந்தால் சரி. ‘எப்படி முடிய வேண்டும்’ என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். விசாரணை நிலையிலேயே ‘இவருக்குச் சம்பந்தமில்லை’ என்று பெயர் நீக்கம் பெறலாம். பொய்யாகச் சேர்க்கப்பட்ட பெயர் என்றால் உயர் நீதிமன்றத்தில் முதல் தகவல் அறிக்கையையே ரத்து செய்யக் கேட்கலாம். முன்பு 482ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 528. இரு தரப்பும் சமாதானம் என்று சொல்லி ரத்து வாங்குவதற்கும், வழக்கில் சரக்கே இல்லை என்று ரத்து வாங்குவதற்கும் கூட வித்தியாசம் உண்டு. செலவு அதிகம், அலைச்சல் அதிகம். பேருந்தில் சென்னைக்குப் பலமுறை போய்வர வேண்டியிருக்கும். ஆனால் பிரியாணி போட்டு முடித்துக்கொள்வதைவிட இது மலிவு என்று பின்னால் தெரியும்.

ஏட்டு சொன்ன மூன்றாவது வேறு, ‘எழுதாதது’. வழக்கை மறைப்பது வழக்கைவிடப் பெரிய குற்றமாக ஆகிவிடும் இடம் இது. 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, நாடு முழுக்க இருந்த குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தது. படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைப்பு கூடாது. சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால், வேலை தருபவர் அதை மன்னிக்கலாம். உண்மையை ஒழுங்காகச் சொல்லியிருந்தாலும், முன்வரலாற்றைப் பார்த்து வேலை மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. வழக்கு இருப்பதே தெரியாமல் ‘இல்லை’ என்று எழுதியவரை மறைத்தவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் வழக்கின் கனத்தைப் பொறுத்து அது பாதிக்கலாம்.

‘மன்னிக்கலாம்’, ‘மறுக்கலாம்’. இந்த ‘லாம்’களை நம்பித்தான் ஆயிரக்கணக்கானோர் கோர்ட் ஏறுகிறார்கள். சிலர் ஜெயிக்கவும் செய்கிறார்கள். 2011இல் டெல்லிக் காவல்துறை வழக்கில், இருபது வயதுப் பையன் செய்த தவறுக்கு ஆயுள் முழுக்கப் பட்டம் கட்டக்கூடாது என்று சொல்ல, விக்டர் ஹ்யூகோவின் நாவலில் ரொட்டி திருடிய ஜான் வால்ஜானைத் துணைக்கு அழைத்தது உச்ச நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசக் காவலர் ஒருவருக்கு வேலை கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அவர் தேர்வானது 2004ஆம் ஆண்டு. இருபது வருடம். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடிய கால், தீர்ப்பு வரும்போது முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்.

சரி, ஒரு பையனின் பெயர் எஃப்.ஐ.ஆரில் எப்படித்தான் ஏறுகிறது? ரவுடித்தனம் செய்து ஏறுகிறவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அவர்களுக்குக் கதவு மூடியிருப்பது நல்லது. இந்தச் சமவெளியில் பெயர் ஏறும் வழிகள் வேறு.

பங்காளிச் சண்டை முதல் வழி. புகார் எழுதும்போதே, “அவன் போலீஸ் வேலைக்கு ஓடிட்டு இருக்கான், அவன் பேரையும் சேர்த்துச் சொல்லு” என்று காதில் ஓதுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அடியைவிட அது வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அரசுக்கும் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் ‘ஏழாவது எதிரி’ என்பவர் கத்தி எடுத்தவரா, ஒயர் சுருட்டியவரா என்று விதி கேட்பதில்லை.

லாரி இரண்டாவது வழி. நாமக்கல்லில் வீட்டுக்கு ஒருவர் ஸ்டீயரிங் பிடிக்கிறார். பத்தாவது முடித்ததும் அப்பாவோடு கிளீனராகப் போய், ஹெவி லைசென்ஸ் எடுத்து, ஓட்டிக்கொண்டே தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுகிறவனுக்கு ஒரு விபத்து வராமல் இருக்காது. 279, 304ஏ என்று வழக்கு. இன்றைய சட்டத்தில் 281, 106. ‘அது ஆக்சிடென்ட் கேஸ்தானே, கிரிமினல் இல்லையே’ என்று நினைக்கிறார்கள். விபத்து வழக்கும் குற்ற வழக்குதான். கட்டத்தில் எழுதியே ஆக வேண்டும்.

போராட்டம் இன்னொரு வழி. 2018இல் 277 கிலோமீட்டர் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது, குப்பனூர், அச்சாங்குட்டப்பட்டி, பூலாவரி பக்கத்துக் குடும்பங்கள் தோட்டத்தில் இறங்கி நின்றன. கைதும் வழக்குமாக அந்த ஜூன் மாதம் கழிந்தது. 2017 ஜல்லிக்கட்டுக்குக் கூடியவர்கள் மீதும், 2020 ஊரடங்கில் பைக் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் மீதும் வழக்குகள். 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஜல்லிக்கட்டு, ஊரடங்கு வழக்குகளை வாபஸ் பெறுவதாக அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்டாலின் அரசு எட்டு வழிச் சாலைப் போராட்டம் உள்ளிட்ட 5,570 வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னது. அறிவிப்பைப் பேப்பரில் படித்து நிம்மதியானவர்கள் பலர். ஆனால் வாபஸ் என்பது அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு, கோர்ட் ஒப்புக்கொண்டு, உத்தரவாகக் கையில் வர வேண்டியது. உங்கள் க்ரைம் நம்பர் அந்தப் பட்டியலில் இருந்ததா, உத்தரவு வந்ததா என்று பார்த்தவர்கள் குறைவு. பேப்பர் கட்டிங்கை ஏட்டிடம் நீட்ட முடியாது.

இந்த இடத்தில் இன்னொரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். பரமத்தி வேலூரிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வேலாயுதம்பாளையம். அந்த ஸ்டேஷனில் பதிவான வழக்கு ஒன்றில்தான் 2018 செப்டம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அரசு அதிகாரியின் உத்தரவை மீறியதற்கான 188ஆவது பிரிவில் போலீசார் தாங்களாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி கோர்ட்டில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதற்குப் பின் இந்த வகை வழக்குகள் பல உயர் நீதிமன்றத்தில் உதிர்ந்தன. உதிர வைக்க யாராவது மனுப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு பெட்டி கேஸ். ராத்திரி பதினோரு மணிக்குப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சத்தம் போட்டதற்கு ஒரு ‘75 கேஸ்’. கோயில் நோம்பிக்குச் சேவல் விட்டதற்குச் சூதாட்டச் சட்டத்தில் ஒன்று. பைக்கில் குடித்துவிட்டு வந்ததற்கு ஒன்று. காலையில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வரிசையில் நிற்க வைப்பார்கள். “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடு, மத்தியானம் வேலைக்குப் போயிடலாம்” என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். நூறோ ஆயிரமோ கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அதற்குப் பெயர் தண்டனை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரே தடுமாறும் விதியில், இவர் தானாகவே கையெழுத்துப் போட்டுக் குற்றவாளியாகியிருக்கிறார். அந்த மத்தியான வேலைக்கு எவ்வளவு கூலி கிடைத்திருக்கும்?

எனவே ஓடத் தொடங்கும் அதே மாதத்தில் இதையும் தொடங்கலாம். உங்கள் ஊர் ஸ்டேஷன், படித்த ஊர் ஸ்டேஷன், வேலை பார்த்த ஊர் ஸ்டேஷன் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, பாலியல் குற்றம் போன்ற சில வகைகள் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.கள் காவல்துறை இணையதளத்தில் ஏற்றப்பட வேண்டும், அங்கே தேடலாம். இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டு, ராசிபுரம், நாமக்கல், சேலம், சங்ககிரி என்று ஒவ்வொரு கோர்ட்டாகப் பார்க்கலாம். பெயரை நான்கு விதமாக எழுதிப் பாருங்கள். ஸ்டேஷனில் எழுதுகிறவர் உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டைப் பார்த்து எழுதியிருக்க மாட்டார். சி.எஸ்.ஆர். ரசீதோடு முடிந்த மனு வழக்கு ஆகாது, ஆனால் அது பிறகு எஃப்.ஐ.ஆராக மாறியதா என்று கேட்டு வையுங்கள். ‘மற்றும் பலர்’ என்று முடியும் எஃப்.ஐ.ஆர். இருந்தால், சார்ஜ் ஷீட்டில் அந்தப் பலர் யார் என்று பாருங்கள். பண்டிகைத் தகராறுகளில் ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தி நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தால் அதன் நகலும் வேண்டும். முடிந்த வழக்கு என்றால் காப்பி அப்ளிகேஷன் போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, பீரோவில் ரேஷன் கார்டோடு வையுங்கள்.

பதினெட்டு வயதுக்கு முன் நடந்த விஷயம் என்றால் கதை வேறு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 24ஆவது பிரிவில், சிறார் செய்த தவறு பிற்காலத்தில் தகுதியின்மை ஆகக்கூடாது என்கிறது. பதினாறு தாண்டியவர்கள் கொடிய குற்றத்தில் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டால் மட்டும் விலக்கு. 74ஆவது பிரிவு இன்னும் ஒரு படி போய், முடிந்துபோன சிறார் வழக்கின் விவரத்தை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீசார் வெளியிடவே கூடாது என்கிறது. பிளஸ் டூ படிக்கும்போது பஸ் கண்ணாடியை உடைத்த வழக்கால் வேலை போகும் என்று பயந்து அகாடமியை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தப் பிரிவை யாரும் சொல்லவில்லை.

வழக்கு இல்லாதவர்களுக்கும் சரிபார்ப்பில் சிக்கல் வரும். பெயர். இனிஷியல் முன்னால் ஒரு சான்றிதழில், பின்னால் ஒன்றில், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. இதில் சேலம் நாட்டுக்கே ஒரு முன்னுதாரணம் தந்திருக்கிறது. சேலத்தில் பிறந்து வளர்ந்த பிரித்திகா யாஷினி சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் திருநங்கைகளுக்குக் கட்டமே இல்லை. சான்றிதழில் உள்ள பெயரும் விண்ணப்பப் பெயரும் பொருந்தவில்லை என்று நிராகரித்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மனு. 100 மீட்டர் ஓட்டத்தில் 1.1 விநாடி தாமதம். 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவரைத் தேர்வுக்குத் தகுதியானவராகக் கருதச் சொன்னது. 2017 ஏப்ரலில் பக்கத்து மாவட்டமான தருமபுரியில் பணியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டர். பெயர் மாற்றம் இருந்தால் அரசிதழில் வெளியிட்டு அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொள்வது, அவர் பட்ட பாட்டில் பாதியையாவது மிச்சப்படுத்தும்.

முகவரி இன்னொரு தலைவலி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஆறு மாதம், எட்டு மாதம் வடக்கே போர் போடப் போன பையன்கள், ‘கடந்த ஐந்தாண்டில் வசித்த இடங்கள்’ என்ற கேள்விக்கு என்ன எழுதுவார்கள்? வண்டிதான் வீடு. சத்தீஸ்கரில் ஒரு கிராமம், அடுத்த வாரம் மத்தியப் பிரதேசத்தில் ஒன்று. ஒன்றும் எழுதாமல் ஊர் முகவரியை மட்டும் எழுதி, பிறகு ஏட்டு பக்கத்து வீட்டில் விசாரிக்கையில் “அவன் ரெண்டு வருசமா ஊர்லயே இல்லீங்களே” என்று பதில் வந்தால் விளக்க வேண்டியது நீங்கள். ரிக் முதலாளியிடம் எந்த மாதம் எந்த மாநிலம் என்று ஒரு கடிதம் வாங்கி வைப்பது சாமர்த்தியம்.

ஏட்டு என்ன பார்ப்பார் என்று கேட்கிறார்கள். ஸ்டேஷன் பதிவேடு பார்ப்பார். கணினியில் வேறு ஊர் வழக்கு தேடுவார். நாலு பேரிடம் பேசுவார். அந்த நாலு பேரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. இப்போது இன்ஸ்டாகிராமும் உண்டு. பட்டாக்கத்தியில் கேக் வெட்டிய பிறந்தநாள் வீடியோ, அதை எடுத்தவருக்கு மறந்துபோயிருக்கும், ஃபோனுக்கு மறக்காது. “வெரிஃபிகேஷனை நான் பார்த்துக்கறேன், இவ்வளவு ஆகும்” என்று வரும் புரோக்கரிடம் மட்டும் சிக்காதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளி. மிரட்டி வாங்கப்பட்டிருந்தால் ஏழு நாளுக்குள் புகார் சொல்ல வேண்டும். போலீஸ் வேலைக்காக லஞ்ச வழக்கில் மாட்டுவது அபத்தத்தின் உச்சம்.

இவ்வளவு கெடுபிடி தேவையா? தேவை என்றுதான் நினைக்கிறேன். துப்பாக்கியும் லத்தியும் கொடுக்கும் முன் யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்காத ஊர் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் சாட்சி. 2021 மார்ச்சில், காவல்துறையில் வேலை பார்த்துவந்த ஒருவரே சாரா எவரார்ட் என்ற பெண்ணைக் கடத்திக் கொன்றார். மறு வருடம் அந்த நாட்டின் காவல்துறை ஆய்வு அமைப்பு, ஆளெடுக்கும்போது செய்யும் சோதனைகளில் இருந்த ஓட்டைகளை அறிக்கையாகவே வெளியிட்டது. நம்மிடம் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே வருகிறவனின் கோயில் பண்டிகைச் சண்டையைத் துருவுகிறோம். உள்ளே வந்தவனை அதே கண்ணோடு யார் பார்க்கிறார்கள்? 2021 ஜூனில் வாழப்பாடிப் பக்கத்துச் சோதனைச்சாவடியில் அடிபட்ட வியாபாரி இறந்தார். சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் கைதானார். அவரும் ஒரு காலத்தில் வெரிஃபிகேஷன் முடித்து வந்தவர்தான்.

‘முன்வரலாறு’ என்ற சொல்லுக்கும் இந்த மண்ணில் ஒரு முன்வரலாறு உண்டு. 1911 முதல் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் சில சமூகங்களின் பிறப்பையே வழக்காக எழுதிவைத்தது. 1947இல் அதை நீக்கினார்கள். சீர்மரபினர் பட்டியலில் சேலம் என்ற ஊர்ப் பெயரைத் தாங்கிய சமூகங்கள் இன்றும் உண்டு. ‘அந்தத் தெருப் பையனா’ என்று கேட்கும் பழக்கம் சட்டத்தோடு போகவில்லை. ஏட்டின் அறிக்கை ஒருவனின் செயலைப் பற்றி இருக்கிறதா, தெருவைப் பற்றி இருக்கிறதா என்பதை மேலே கையெழுத்துப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

மாமா மகன் இப்போது முட்டை லோடு ஓட்டுகிறான். வயது தாண்டிவிட்டது. போன வருடம் அவன் தங்கை தேர்வானாள். படிவத்தை அண்ணனும் தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பினார்கள். முதலில் ஒரு ஜெராக்ஸ் காப்பியில் பென்சிலால், அப்புறம் பேனாவால். குடும்பத்தில் யார் மீதாவது வழக்கு உண்டா என்று ஏட்டு கேட்டால் எடுத்துக் காட்ட, அண்ணனின் தீர்ப்பு நகலை அவளே பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தாள்.

இந்த முறை வேறொரு ஏட்டு வந்தார். மோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எதிர்த் தெருவுக்கு நடந்து போய், வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் அவளைப் பற்றி விசாரித்தார். அன்றைக்கு மண்டையில் நான்கு தையல் போட்டுக்கொண்டவரின் தாய் அவர். நாங்கள் இந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. அந்த அம்மா உரிப்பதை நிறுத்தாமல் ஏதோ சொன்னார். ஏட்டு எழுதிக்கொண்டார். பிறகு அந்த அம்மா எங்கள் பக்கம் பார்த்து, “புள்ளை ஓடறதை நான்தான் தெனமும் வெள்ளென பார்க்கறேனே, எனக்குத் தெரியாதா” என்று சத்தமாகச் சொன்னார்.